பினாங்கில் பொன்முலாம் கல் கொலுசு

பொன்முலாம் கல் கொலுசு என்பது வெள்ளி, பித்தளை, செம்பு ஆகியவற்றில் ஒன்றால் செய்து, மேலே மெல்லிய தங்கப் படலம் ஏற்றி, கற்கள் பதித்த கால் நகை. கடைவழக்கில் இது ‘கவரிங் கொலுசு’ அல்லது ‘கல் கொலுசு’ எனப்படும். மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுன் நகரின் லிட்டில் இந்தியா பகுதியில் உள்ள லெபோ பாசார், லெபோ குயின், லெபோ பினாங் தெருக்களில் இது பரவலாக விற்கப்படுகிறது. தீபாவளி, தைப்பூசம், திருமணக் காலங்களில் விற்பனை கூடும்.

பின்னணி

இந்து மரபில் தங்கம் திருமகளின் வடிவமாகக் கருதப்படுவதால், இடுப்புக்குக் கீழே அதை அணிவதில்லை என்ற வழக்கம் தமிழரிடையே நிலைத்தது. அரச குடும்பத்தினரும் கோயில் திருமேனிகளும் மட்டுமே இதற்கு விலக்கு. காலுக்கு உரிய உலோகம் வெள்ளி. தமிழ்நாட்டில் வெள்ளிக் கொலுசுக்குப் பெயர்பெற்ற ஊர் சேலம். கவரிங் நகைக்குச் சிதம்பரம். பொன்னின் நிறம் வேண்டும், ஆனால் காலில் பொன் கூடாது என்று எண்ணுவோருக்கு முலாம் கொலுசு இடைவழியாக அமைந்தது. முலாமும் பொன்தான் என்று கருதி வெள்ளியோடு நின்றுகொள்ளும் குடும்பங்களும் உண்டு.

கொலுசில் மணிக்கல் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கப் பரல்களும், பாண்டிமாதேவியின் சிலம்புக்குள் முத்துப் பரல்களும் இருந்தன. அங்கே கற்கள் உட்கூட்டில் அடைபட்டு ஒலி எழுப்பின. இன்றைய கல் கொலுசில் அவை வெளியே பதிக்கப்படுவதால் தூசியும் உராய்வும் நேரே அவற்றைத் தாக்குகின்றன.

பினாங்கில் தமிழர் மட்டுமே கால் நகை அணிந்தவர்கள் அல்லர். பெரானாக்கான் சீனப் பெண்களான நியோன்யாக்களின் நகைகளில் ‘கெலாங் காக்கி’ என்ற காற்காப்பு உண்டு. தங்கத்திலும், பொன்முலாம் பூசிய வெள்ளியிலும் அது செய்யப்பட்டது. சீனப் பொற்கொல்லர்களோடு இந்திய, இலங்கைப் பொற்கொல்லர்களும் நியோன்யா நகைகளைச் செய்துகொடுத்தனர். துக்க காலத்தில் நியோன்யாக்கள் பொன்னையும் வைரத்தையும் விலக்கி வெள்ளியும் முத்தும் அணிந்தனர். ஜார்ஜ்டவுனின் சர்ச் ஸ்ட்ரீட்டில், சீனச் சமூகத் தலைவரான காப்பித்தான் சுங் கெங் குவீ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய மாளிகை இன்று பினாங்கு பெரானாக்கான் அருங்காட்சியகமாக உள்ளது. அதனுடன் நகை அருங்காட்சியகம் ஒன்றும் இணைந்திருக்கிறது.

முலாம்

பழைய முறையில் தங்கத்தைப் பாதரசத்தில் கலந்து பூசி, சூடுகாட்டிப் பாதரசத்தை ஆவியாக்கினர். அந்த ஆவி நஞ்சு. இத்தாலியரான லூயிஜி புருனதெல்லி 1805இல் மின்சாரத்தால் தங்கம் படியவைத்தார். இங்கிலாந்தின் எல்கிங்டன் குடும்பத்தார் 1840இல் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு இம்முறை தொழிலாகப் பரவியது. தங்க உப்புக் கரைசலில் நகையை எதிர்மின்வாயாகத் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தினால், தங்க அணுக்கள் அதன்மேல் படியும்.

படலத்தின் தடிமன் மைக்ரானில் அளக்கப்படும். ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அமெரிக்க வணிக நெறிகளின்படி மின்முலாம் என்று குறிப்பிடக் குறைந்தது 0.175 மைக்ரானும், வெள்ளியின்மேல் பூசிய ‘வெர்மெய்ல்’ என்று குறிப்பிட 2.5 மைக்ரானும் வேண்டும். முலாம் நகையில் ‘22 காரட்’ என்று சொல்வது மேற்படலத்தின் தரத்தை மட்டுமே குறிக்கும். ‘916 நிறம்’ என்பது நிறத்தைச் சொல்வது. அது 916 தங்கம் ஆகாது.

தேர்வு

*அடி உலோகம்.* முலாம் தேய்ந்தால் பித்தளையும் செம்பும் வியர்வையோடு வினைபுரிந்து தோலில் பச்சைக் கறை விடும். தங்கத்துக்கு அடியில் நிக்கல் பூச்சு கொடுக்கும் வழக்கமும் உண்டு. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதனால் அரிப்பும் தடிப்பும் வரும். 925 வெள்ளியின்மேல் நிக்கல் இல்லாமல் பூசிய கொலுசு விலை கூடினாலும் நீடிக்கும், மறுமுலாமும் ஏற்கும்.

*கல்.* மோ கடினத்தன்மை அளவில் வைரம் 10, கெம்பும் நீலமும் 9, புஷ்பராகம் 8, கியூபிக் சிர்கோனியா 8 முதல் 8.5, மரகதம் 7.5 முதல் 8 வரை. ஓப்பல், கண்ணாடி, முத்து, பவளம் ஆகியவை 7க்குக் கீழே. தெருத் தூசியில் உள்ள குவார்ட்ஸ் மணலின் அளவு 7. ஆகவே அதற்குக் கீழ்ப்பட்ட கற்கள் காலில் விரைவில் கீறல் விழுந்து மங்கும். செயற்கைக் கெம்பு இயற்கைக் கெம்பின் அதே கடினம் உடையது; சிர்கோனியாவும் அன்றாடக் கொலுசுக்குப் போதும்.

*பதிப்பு.* கல்லின் அடியில் வண்ணத் தகடு வைத்து மூடிய பதிப்பில் நீர் புகுந்தால் தகடு கறுத்துக் கல் ஒளி இழக்கும். கவ்வுப் பதிப்பில் அந்தக் குறை இல்லை, ஆனால் கவ்வுகள் புடவைக் கரையிலும் ஜரிகையிலும் சிக்கும். விளிம்பு சுற்றிக் கட்டிய, அடி திறந்த பதிப்பே காலுக்கு ஏற்றது. பசையால் ஒட்டிய கல் சீக்கிரம் உதிரும்.

*அளவு.* கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே நூலால் சுற்றி அளந்து, ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் கூட்டிக்கொள்வது வழக்கம். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் என்பதால் அப்போது அளப்பது நல்லது. எஸ் வடிவக் கொக்கி எளிதில் கழன்றுவிடும். கனமான கல் கொலுசுக்குத் திருகாணியே பாதுகாப்பு.

முலாம் நகையைத் தங்கம் என்று சொல்லி விற்பது மலேசியாவின் 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம். அடி உலோகமும் முலாமும் எழுதப்பட்ட ரசீது இருந்தால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் முறையிட அது சான்றாகும்.

அணிதல்

தமிழர் கொலுசை இரு காலிலும் இணையாக அணிகின்றனர். ஒற்றைக் காலில் அணிவது புதுப்பாங்கு. அதிகக் கற்களும் தொங்கும் முத்துகளும் உள்ள கொலுசு பட்டுப்புடவைக்கும் பாவாடை தாவணிக்கும் பொருந்தும். இறுக்கமான கால்சட்டைக்கும் பஞ்சாபி உடைக்கும் ஒற்றைச் சரக் கொலுசு போதும். வாசனைத் திரவியம், களிம்பு, மஞ்சள் பூசி, அவை உலர்ந்த பிறகே கொலுசைப் பூட்ட வேண்டும். உறங்கும்போது கழற்றிவிடுவது நல்லது. கல் உதிரக்கூடிய கொலுசைக் கைக்குழந்தைகளுக்கு அணிவிப்பது ஆபத்து. விழுந்த கல்லை அவர்கள் விழுங்கிவிடக்கூடும்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெறுங்காலுடன் நெடுந்தொலைவு நடப்போர் பலர். வழியெங்கும் சிதறு தேங்காயின் நீர் தேங்கிய சாலையில், வியர்வையோடு நடக்கும் அந்த நாளுக்கு முலாம் கொலுசைவிட வெறும் வெள்ளியே ஏற்றது.

பராமரிப்பு

பினாங்கின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 27 பாகை செல்சியஸ். காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். கடற்காற்றில் உப்பும் உண்டு. மெல்லிய முலாமில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அவற்றின் வழியே ஈரமும் உப்பும் புகுந்து அடி உலோகத்தைக் கறுக்கச் செய்கின்றன. எனவே பத்து ஃபெரிங்கி கடலிலோ, குளோரின் கலந்த நீச்சல்குளத்திலோ இறங்கும்போது கொலுசைக் கழற்ற வேண்டும்.

கழற்றியதும் உலர்ந்த மென்துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும். அழுக்கு படிந்தால் வெதுவெதுப்பான நீரில் மென்சோப்பு ஒரு துளி கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, உடனே உலர்த்தலாம். முத்து, பவளம், தகடு வைத்த கல் ஆகியவற்றை நீரில் ஊறவைக்கக் கூடாது. வெள்ளிப் பாத்திரத்துக்குப் பழகிய விபூதி, பல்பொடி, புளி ஆகியவை முலாமுக்குப் பகை: முதல் இரண்டும் படலத்தைச் சுரண்டும், புளியின் அமிலம் அடி உலோகத்தைத் தாக்கும். வெள்ளி கழுவும் திரவமும் தவிர்க்கத்தக்கது.

ஒவ்வொரு கொலுசையும் தனித்தனி மூடுபையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலத்தோடு வைத்தால் ஒன்றோடொன்று உரசாது. ரப்பர் பட்டையால் கட்டிவைத்தால் அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும்.

மறுமுலாமும் மதிப்பும்

உட்பக்கமும் கொக்கியும் முதலில் தேயும். அடி உலோகம் தெரியத் தொடங்கியதும் மறுமுலாம் போடலாம். முத்து, பவளம் போன்ற மென்கற்களையும் தகடு வைத்த கற்களையும் அதற்கு முன் கழற்ற வேண்டும். முலாம் கரைசல் அவற்றைக் கெடுக்கும். முலாமில் உள்ள தங்கத்தின் எடை மிகச் சிறிது என்பதால் அடகுக்கடைகள் இதைத் தங்கமாக ஏற்பதில்லை. திரும்ப விற்கும்போது வெள்ளி அடியுள்ள கொலுசுக்கு வெள்ளியின் விலை கிடைக்கும். பித்தளை அடியுள்ளதற்கு ஏறக்குறைய எதுவும் கிடைக்காது.