பால் வடியாத இரப்பர்ச் செடி: குவாயூலேயும் மலாயாத் தோட்டங்களும்

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர், இரப்பர் என்றவுடன் பிரேசிலிலிருந்து வந்த பால்மரத்தையே எண்ணுவர். அஃது இயல்பே; நம் முன்னோர் விடியுமுன் எழுந்து சீவியது அம்மரத்தைத்தான். ஆயினும், வட அமெரிக்க வறண்ட நிலத்துக் காட்டுச்செடி ஒன்று இருமுறை அம்மரத்திற்கு மாற்றாக முன்னிறுத்தப்பட்டது. இரண்டாம் முறை அதற்கு வாழ்வளித்தது சிங்கப்பூரின் வீழ்ச்சியே. நம் தோட்டப்புற வரலாற்றில் இச்செய்தி பேசப்படுவது அரிது.

குவாயூலே எனப்படும் இச்செடி வட மெக்சிகோவின் வறண்ட மேட்டுச் சமவெளிகளிலும் அதனை அடுத்த டெக்சாஸ் பகுதியிலும் தானே வளர்வது. இடுப்பளவுக்கு மேல் உயராது. சாம்பல் வெண்மை படர்ந்த குறுகிய இலைகளும் சிறு பூக்கொத்துகளும் உடையது. ஆசா கிரே என்னும் அமெரிக்கத் தாவரவியலார் 1859இல் இதற்கு அறிவியற்பெயர் இட்டார். இன்று தமிழக வயல்களைக் கெடுக்கும் பார்த்தீனியக் களையும் இதன் பேரினத்தைச் சேர்ந்ததே. உறவு அவ்வளவில் நிற்கட்டும்.

நமக்கு முதன்மையானது வேறொன்று. பால்மரத்தில் பட்டையைச் சீவினால் பால் வடியும். மரம் பல்லாண்டு வாழும். குவாயூலேயிலோ இரப்பர் பட்டையின் உயிரணுக்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. கீறினால் எதுவும் வடியாது. செடியை வெட்டி அல்லது வேரோடு பிடுங்கி, ஆலையில் நீருடன் அரைத்து, மிதந்து வரும் இரப்பரைப் பிரிக்க வேண்டும். கத்தி பிடிக்கும் நுட்பத்திற்கு அங்கு வேலை இல்லை. மலாயாத் தோட்ட முறை, ஆண்டு முழுதும் நாள்தோறும் மரத்தடிக்கு வரும் தொழிலாளியை வேண்டியது. அவ்வேண்டுகையே தமிழகச் சிற்றூர்களிலிருந்து குடும்பங்களைப் பெயர்த்துக் கொணர்ந்தது. குவாயூலே வேண்டியதோ அறுவடைக் கூலிகளையும் ஆலையையும் மட்டுமே.

இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இன்டர்கான்டினென்டல் இரப்பர் நிறுவனம் முதலானவை மெக்சிகோவின் காட்டுச் செடிகளை மலைபோல் குவித்து அரைத்தன. பின்னர் அந்நாட்டு அதிபரான பிரான்சிஸ்கோ மதேரோவின் குடும்பத்தாரும் இத்தொழிலில் ஈடுபட்டிருந்தனர். செடிகள் அருகின, 1910இல் புரட்சி வெடித்தது. அதே 1910இல் மலாயாவில் இந்திய ஒப்பந்தக்கூலி முறை ஒழிக்கப்பட்டது. அதற்கு மூன்றாண்டு முன்பே நிறுவப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் வேறு வழியைத் திறந்துவிட்டிருந்தது. மலிவான தோட்ட இரப்பரின் முன் காட்டு இரப்பர் நிற்க இயலவில்லை. அம்மலிவு யாருடைய கூலியிலிருந்து வந்தது என்பதை இவ்விதழின் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை.

தென்கிழக்காசியாவையே நம்பியிருத்தல் போர்க்காலத்தில் ஆபத்து என்று அமெரிக்க இராணுவ அதிகாரிகள் இருவர் 1930இல் அறிக்கை அளித்தனர். அவருள் ஒருவர் பின்னாளில் அதிபரான ஐசன்ஹோவர். அறிக்கை கிடப்பில் போடப்பட்டது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பதினெட்டே நாளில், மார்ச் 5இல், குவாயூலே பயிரிடுவதற்கான சட்டம் வாசிங்டனில் கையெழுத்தாயிற்று. கலிபோர்னியாவின் சலினாசைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய இத்திட்டத்தில் ஏறத்தாழ 32,000 ஏக்கர் பயிரிடப்பட்டது.

இங்கு ஒரு முரண் உண்டு. சப்பானிய வழியினர் என்ற ஒரே காரணத்தால் மன்சனார் முகாமில் அடைக்கப்பட்டிருந்த அமெரிக்கக் குடிமக்களுள் அறிவியலாளரும் நாற்றங்கால் வல்லுநரும் இருந்தனர். அவர்கள் முள்வேலிக்குள் குவாயூலேயை வளர்த்து ஆராய்ந்தனர். சப்பான் கைப்பற்றிய இரப்பருக்கு ஈடு செய்ய உழைத்தோருள் சப்பானிய வழியினரும் இருந்தனர்.

அதே காலத்தில் மலாயாவில் இரப்பருக்குச் சந்தை இல்லை. தோட்டங்கள் முடங்கின, சில இடங்களில் உணவுப் பயிருக்காக மரங்கள் வெட்டப்பட்டன. வேலையிழந்த தமிழ்த் தொழிலாளருள் பல்லாயிரவர் ஆசை காட்டியும் வலிந்து பிடித்தும் சயாம்–பர்மா இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். இவ்விரு நிகழ்வுகளையும் தனித்தனி ஏடுகளில் எழுதி வருகிறோம்; ஒரே அறுபட்ட வணிக வழியின் இரு முனைகள் அவை என்பதே எம் கருத்து.

எனினும் இவ்விரு முனைகளும் ஆவணத்தில் ஒப்பல்ல. மன்சனார் ஆய்வாளர்களின் பெயர்களும் ஒளிப்படங்களும் காக்கப்பட்டுள்ளன. காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு வரிசையாகக் கல்லறைகள் உள்ளன. அங்கே மடிந்த தமிழருள் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் இல்லை. அவர்களை நம் மாணவர் அறிவது பெரும்பாலும் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற புதினங்கள் வழியாகவே. வரலாற்றாசிரியர் செய்ய வேண்டியதைப் புதின ஆசிரியர் செய்திருக்கிறார். துறையினராகிய நமக்கு அது பெருமையன்று.

செயற்கை இரப்பர் பெருகியதாலும், போர் முடிந்து ஆசிய இரப்பர் மீண்டும் கிடைத்ததாலும் குவாயூலே வயல்கள் வேண்டாதவை ஆயின. பெரும்பகுதி உழுதும் எரித்தும் அழிக்கப்பட்டது. மலாயாத் தோட்டங்களில் மீண்டும் பெரட்டு தொடங்கியது. மரங்கள் காத்திருந்தன, சயாமுக்குச் சென்றோருள் பலர் பெயர் கூப்பிட வரவில்லை.