குறைமாதக் குழந்தைகளின் விழித்திரைப் படமெடுப்பு

குறைமாதக் குழந்தைகளின் விழித்திரைப் படமெடுப்பு என்பது, காலத்துக்கு முன் பிறந்த குழந்தைகளின் விழித்திரையை அகன்ற பார்வைப்புலம் கொண்ட எண்முறைப் படக்கருவியால் பதிவுசெய்து, குறைமாத விழித்திரை நோய் உள்ளதா எனக் கண்டறியும் முறையாகும். உரிய காலத்தில் கண்டறியாவிடில் இந்நோய் நிரந்தரப் பார்வையிழப்பில் முடியலாம்.

நோயின் தன்மை

கருவின் விழித்திரையில் குருதிக்குழாய்கள் ஏறத்தாழ 16ஆம் வாரத்தில் பார்வை நரம்பின் முகப்பிலிருந்து வளரத் தொடங்குகின்றன. அவை வெளிவிளிம்பை முழுமையாக அடைய ஏறத்தாழ 40 வாரங்கள் ஆகும். குழந்தை முன்னதாகப் பிறந்தால் இவ்வளர்ச்சி தடைப்படுகிறது. பின்னர் இயல்பற்ற புதிய குழாய்கள் தோன்றி, முற்றிய நிலையில் விழித்திரையையே இழுத்துப் பெயர்த்துவிடுகின்றன. பிறந்த குழந்தைக்கு அளவுக்கு மிஞ்சி ஆக்சிசன் அளிப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பது 1950களில் உறுதியானது. தொடக்க நிலைகளில் கண் வெளிப்பார்வைக்கு இயல்பாகவே இருக்கும். பெற்றோர் தாமாக அறிந்துகொள்ள வழியில்லை.

படமெடுக்கும் முறை

மரபான முறையில் கண் மருத்துவர் தலையில் அணியும் விளக்கும் கையில் ஏந்தும் வில்லையும் கொண்டு விழித்திரையைப் பார்த்து, கண்டதைக் கையால் வரைந்து வைப்பார். பெரியவர்களுக்கான படக்கருவியின் முன் அமர்ந்து ஒரு புள்ளியை உற்றுநோக்கும்படி கைக்குழந்தையிடம் கூற இயலாது. 1997 இல் அறிமுகமான ரெட்கேம் இச்சிக்கலைத் தீர்த்தது. கண்மணியை விரிக்கவும் கண்ணை மரக்கச் செய்யவும் சொட்டுமருந்து இட்டு, இமைகளை விலக்கி வைத்து, கூழ்மம் தடவிய கருவிமுனையைக் கண்ணின் மேற்பரப்பில் மெல்ல வைப்பர். ஒரே படத்தில் ஏறத்தாழ 130 பாகை பதிவாகும். படத்தைச் சென்ற வாரப் படத்துடன் ஒப்பிடலாம். தொலைவிலுள்ள வல்லுநருக்கும் அனுப்பலாம். கையால் வரைந்த படத்தில் இவ்வளவு துல்லியமான ஒப்பீடு இயலாது.

2008 இல் கருநாடகத்தில் தொடங்கிய கிட்ராப் திட்டத்தில், பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்கள் கருவியை மாவட்ட மருத்துவமனைகளுக்கு எடுத்துச் சென்று படமெடுத்தனர். குறைமாதக் குழந்தைகளைச் சோதிக்கும் கண் மருத்துவர்கள் குறைவாக உள்ள நாட்டில் இது பொருத்தமான ஏற்பாடே.

வரம்புகள்

கருவி விலை மிகுந்தது. விழித்திரையின் கடைக்கோடி விளிம்பு படத்தில் விடுபடலாம். ஐயமிருப்பின் மருத்துவரின் நேரடிச் சோதனை கட்டாயம் தேவை.

சோதனைக்குரிய காலம்

இந்தியாவில் 34 வாரங்களுக்கு முன் அல்லது 2000 கிராமுக்குக் குறைவான எடையுடன் பிறந்த குழந்தைகளைப் பிறந்த 30 நாட்களுக்குள் சோதிக்க வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளை இன்னும் முன்னதாகவே சோதிக்க வேண்டும். கடுமையான நோய் கண்டறியப்பட்டால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் லேசர் முதலிய சிகிச்சை தொடங்கப்பட வேண்டும். தமிழ்நாட்டில் இச்சோதனை செய்யப்படாமல் பார்வையிழந்த ஒரு குழந்தைக்கு, 2015 இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.