நெல்லுக்கு அடுத்த தானியமா? தென்கிழக்குக் கரையின் அவரையினப் பயிர்களும் றொபேர்ட் நொக்ஸின் வாசிப்பும்

நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நீளும் இலங்கையின் தென்கிழக்குக் கரையோர ஊர்களின் வேளாண்மை வரலாறு இதுவரை நெல்லின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. வயற்பரப்பான வட்டை, நிலவுடைமையாளரான போடியார், வயல் மேற்பார்வையாளரான வட்டவிதானை, வயலில் உழைக்கும் முல்லைக்காரன் என்று இதுவரை ஆராயப்பட்ட சொற்களும் உறவுகளும் வயலைச் சுற்றியே நின்றன. மேட்டுநிலத்திலும், காடு வெட்டி இடைவெளி விட்டுப் பயிரிடும் சேனையிலும் விளைந்த பயறு, உழுந்து, கௌபி, பயற்றை ஆகியவை ‘உப உணவுப் பயிர்கள்’ என்ற தலைப்புக்குள் ஒதுங்கிப்போயின. இந்த ஒதுக்கல் அண்மைக்கால அலுவலகப் பழக்கம் மட்டுமல்ல. இதன் முதல் தெளிவான வடிவம் 1681இல் வெளிவந்த, ஆங்கில மாலுமி றொபேர்ட் நொக்ஸின் இலங்கை நூலில் இருக்கிறது. அந்த வாசிப்பு பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நொக்ஸ் தானியங்களைப் பற்றிய பகுதியில் நெல்லை முதலில் வைத்து விரிவாகப் பேசுகிறார். பிறகு குரக்கன், தினை, பயறு, எள் முதலியவற்றை வரிசைப்படுத்துகிறார். இவை நெல்லைவிட மிகவும் தாழ்ந்தவை, அரிசி இல்லாத வேளையில் மக்களுக்கு உணவாகுபவை என்பது அவர் கருத்து. பின்வந்தோர் பலர் இதை ஒரு தரவாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அதே இடத்தில் நொக்ஸ் இன்னொன்றும் சொல்கிறார்: பலருக்கு அரிசி அரை ஆண்டுக்கு மேல் தாங்குவதே அரிது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆண்டில் ஆறு மாதம் ஒரு குடும்பத்தைத் தாங்கும் உணவை ‘இல்லாத வேளைக்கு உரியது’ என்று எப்படிச் சொல்வது? நொக்ஸ் தந்த தகவலே நொக்ஸ் தந்த தரவரிசையை மறுக்கிறது.

அவர் ஏன் அப்படி வரிசைப்படுத்தினார் என்பதற்கும் அவர் நூலிலேயே விடை உண்டு. 1660இல் கிழக்குக் கரையின் கொட்டியாரத்தில் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்ட அவர், 1679இல் தப்பும்வரை கண்டி நாட்டு மலைப்பகுதியில்தான் வாழ்ந்தார். கிழக்குக் கரையை அவர் கண்டது சில மாதங்களே. தப்பிச் சென்றபோது அனுராதபுரத்து உலர்நிலத்தைக் கடந்தார் என்றாலும், அது காட்டுக்குள் மறைந்து நடந்த பயணம். பயிரை ஆராய்ந்த பயணம் அல்ல. இதைவிட முக்கியமானது, அவர் பிழைப்புக்காகத் தானியத்தை வட்டிக்குக் கொடுத்தார் என்பது. ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பது வட்டி கிடைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். களத்தில் போரடிக்கும் நாளில் போய் நின்று அளந்து வாங்க வேண்டிய கடன் அது. அப்படி வாங்கக்கூடியது பெரும்பாலும் நெல்தான். கொடி கொடியாக, நாள் விட்டு நாள் காய் பறித்து, வீட்டு முற்றத்தில் காயவைத்து அடிக்கும் பயறு கடன்காரரின் கண்ணில் படுவதில்லை. நெல்லுக்கு முதலிடம் தந்த அந்த வரிசை கடன் கொடுத்தவரின் வரிசை. உண்டவரின் வரிசையாக அதைக் கொள்ள முடியாது.

நொக்ஸுக்கு 13 நூற்றாண்டுகள் முந்திய ஒரு சான்று இதற்கு மாறான படத்தைத் தருகிறது. மகாசேன மன்னனின் மகன் சிறிமேகவண்ணனின் 3ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட தோணிகலைப் பாறைக் கல்வெட்டு அது. கல்வெட்டாய்வாளர் பரணவிதான அதைப் பதிப்பித்தார். அதில் தேவயன் என்பவர் கலகுமனை என்ற இடத்து வணிகக் குழுவிடம் ஒரு வைப்பு வைக்கிறார். இரண்டு வண்டியும் பத்து அமுணமும் (அமுணம் ஒரு தானிய அளவை) நெல், ஆறு அமுணம் உழுந்து, பத்து அமுணம் இன்னொரு அவரையினப் பயிர். முதல் குறையக்கூடாது. வட்டியை மட்டும் எடுத்து விகாரைப் பிக்குகளின் மழைக்கால உணவுக்குச் செலவிட வேண்டும். நெல்லுக்கு அறுவடைதோறும் தனித்தனி வட்டி. மூன்று அறுவடைகளின் பெயர்கள் வருகின்றன. பருப்பு வகைகளுக்கு ஒவ்வொரு தொகை மட்டுமே. உழுந்துக்கு ஓர் அமுணமும் இரண்டு பெகடவும். மற்றதற்கு இரண்டு அமுணமும் இரண்டு பெகடவும்.

பெகட என்பது எத்தனை என்று வெளியில் தேட வேண்டியதில்லை. இரண்டு பயிருக்கும் வட்டி வீதம் ஒன்றே என்று கொள்வோம். பத்துக்கும் ஆறுக்கும் வேறுபாடு நான்கு அமுணம். இரண்டு வட்டிக்கும் வேறுபாடு சரியாக ஓர் அமுணம். எனவே வட்டி நான்கில் ஒன்று. ஆறு அமுணத்துக்கு ஒன்றரை என்றாகிறது. இரண்டு பெகட அரை அமுணம். பெகட கால் அமுணம். இன்றும் சிங்கள அளவையில் அமுணத்துக்கு நான்கு பேல என்ற கணக்கோடு இது அப்படியே பொருந்துகிறது. ஆக, பருப்புக்குத் தனியாக, ஆண்டுக்கு ஒருமுறை, நூற்றுக்கு 25 என்று ஒரு வீதமே வழக்கில் இருந்ததாகக் கொள்ளலாம்.

இங்கே சான்று மெலிகிறது என்பதை அறிந்தே ஒரு படி மேலே போகிறேன். பருப்பு நெல்லைப் போல் கிடங்கில் கிடக்காது. பயறு வண்டு வயலில் காயின் மேலேயே முட்டையிட்டு, மணிக்குள் புகுந்து, வீட்டுக்கு வந்த பிறகு வட்டத் துளையிட்டு வெளியேறும். அடுத்த தலைமுறை அதே மூட்டையில் தொடங்கும். நன்றாகக் காயவைத்து, சாம்பல் கலந்து, வாய் இறுக்கிக் கட்டாத பயறு சில மாதங்களில் மாவாகிவிடும். அப்படியிருக்க, என்றென்றும் குறையாத முதலாகப் பதினாறு அமுணம் பருப்பை ஒரு குழு ஏற்றது என்றால், அது அதைக் கட்டி வைத்திருக்க முடியாது. ஆண்டுதோறும் விதையாகக் கொடுத்து, விளைச்சலில் திரும்ப வாங்கியிருக்க வேண்டும். அதாவது பருப்பை விதைக்கும் குடிகளும், அவர்களுக்கு விதை கொடுக்கும் ஒழுங்கும், அதற்கென ஒரு பருவமும் இருந்தன. நெல்லின் மூன்று அறுவடைகளில் எதனோடும் அது இணைக்கப்படாதது, சேனை தன் சொந்தக் காலக்கணக்கில் நடந்ததையே காட்டுகிறது என்பேன்.

மறுப்புகள் உண்டு. தோணிகலை வவுனியாப் பக்கம். அட்டாளைச்சேனை அங்கிருந்து வெகுதூரம். உலர்வலயத்தின் ஒரே வடகீழ் மழையை நம்பிய இரு நிலங்கள் என்பதைத் தவிர வேறு இணைப்பு இல்லை. ஆண்டும் உறுதியல்ல: சிறிமேகவண்ணனின் ஆட்சித் தொடக்கத்தை ஒரு கணக்கு 301 அளவில் வைக்க, மகாவம்சப் பதிப்பாளர் கெய்கரின் கணக்கு 362இல் வைக்கிறது. இந்த அறுபது ஆண்டு இடைவெளி இன்னும் மூடப்படவில்லை. இரண்டாவது பருப்பு எந்த இனம் என்பதும் திறந்த கேள்வி. அது கௌபி என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. நான் அப்படிச் சொல்லவும் இல்லை. அட்டாளைச்சேனை என்ற ஊர்ப்பெயர் காவற்பரண் கட்டிய சேனையை நினைவூட்டுகிறது. பரணில் இருந்து காத்தது குரக்கனையா, சோளனையா, பயறையா என்று பெயர் சொல்லாது. ஆகவே அதன்மேல் எதையும் கட்டவில்லை.

கௌபியின் வழி வேறு. அதன் தாயகத்தைத் தாவரவியலாளர் வவிலோவ் இந்தியாவில் குறித்தார். அங்குள்ள வடிவ வேறுபாடுகளைக் கண்டு அப்படி முடிவு செய்தார். ஆனால் அதன் காட்டு உறவுகள் ஆபிரிக்காவில்தான் வளர்கின்றன. கானாவின் கின்ராம்போ அகழ்விடங்களில் கி.மு. 2ஆம் ஆயிரவாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த விதைகள் கிடைத்திருக்கின்றன. ஆசியாவில் அது நீண்ட காய்க்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயற்றங்காய் ஆனது. நம் பந்தலில் தொங்கும் பயற்றையும் சந்தையில் அளந்து விற்கும் கௌபியும் ஒரே இனம். காய்வடிவம் இக்கரையில் வீட்டுத் தோட்டப் பயிராக வேரூன்றியது. மணிவடிவம் பெருமளவில் பரவியது 1970களில்தான். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தை ஒரே தொடர்ச்சியாக இணைக்கும் கட்டுரைகளோடு எனக்கு உடன்பாடில்லை.

இடையில் சேனைக்கு நேர்ந்ததை விரைவாகச் சொல்லலாம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய நிலக் கட்டளைச் சட்டம், பல ஆண்டு இடைவெளி விட்டுப் பயிரிடும் சேனைகளைக் கண்டி மாகாணங்களுக்கு வெளியே காடு அல்லது தரிசு என்று கருதச் சொன்னது. ஓய்வுவிட்ட நிலம் உரியவர் அற்ற நிலமாயிற்று. சேனை வெட்ட அனுமதி கேட்கும் நிலை வந்தது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை உருவாகி, இங்கினியாகலையில் அணை எழுந்து, சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர் வயல்களுக்கு வந்தபோது நெல்லின் பரப்பு பெருகியது. 1948இலேயே தொடங்கிய உத்தரவாத விலைத் திட்டம் முதலில் நெல்லுக்கே துணை நின்றது. நொக்ஸின் வரிசை இப்போது நீர்ப்பாசனத்திலும் கொள்முதலிலும் நடைமுறையாயிற்று.

1970 முதல் 1977 வரையான ஆட்சி வெளிநாட்டுப் பருப்பின் இறக்குமதியை இறுக்கியது. மைசூர்ப் பருப்பு கிடைக்காத அந்தக் காலத்தில் கௌபி சமையலறைக்குள் உறுதியாக வந்தது. அவித்துத் தேங்காய்ப்பூ சேர்த்துக் காலை உணவாக உண்ணும் பழக்கம் வீடு வீடாகப் பரவியது. மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தின் எம்.ஐ. 35 போன்ற வர்க்கங்களும் வந்தன. ஏறத்தாழ இரண்டு மாதத்தில் விளைவது, வேரின் முடிச்சுகளால் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்வது, பெரும்போக அறுவடைக்குப் பின் மண்ணில் எஞ்சும் ஈரத்திலேயே முளைப்பது ஆகிய மூன்றும் கௌபியை இக்கரைக்கு ஏற்ற பயிராக்கின. 1977க்குப் பின் இறக்குமதி திறக்கப்பட்டும் அது மறையவில்லை. தட்டுப்பாட்டுக்காக மட்டும் ஏற்ற உணவு தட்டுப்பாடு நீங்கியதும் நீங்கியிருக்க வேண்டும். நொக்ஸின் வாசிப்பால் இதை விளக்க முடியாது.

எஞ்சியிருப்பது ஒரு கேள்வி: மணிக்காக விதைத்த கௌபி 1970களுக்கு முன் இங்குள்ள சேனைகளில் எவ்வளவு இருந்தது? விடை கல்வெட்டில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிழக்கு மாகாண நிருவாக அறிக்கைகளில், சேனை அனுமதிகளைப் பற்றிய குறிப்புகளில் தேட வேண்டும். நெல்லின் கணக்கைத் தேடி அந்த அறிக்கைகளைப் புரட்டியவர்கள் பலர். அவற்றைப் பயறின் கணக்கைத் தேடி மறுபடி வாசிப்பதே அடுத்த வேலை.