கேட்ட காதும் பேசும் கையும்



மகாவலியின் கிளையாகிய வெருகலாற்றின் கரையில் அமைந்தது எங்கள் ஊர். ஆற்றின் மீது பாலம் அமைவதற்கு முன்னர், சித்திர வேலாயுத சுவாமியின் திருவிழாவுக்கு மட்டக்களப்புப் பக்கமிருந்து வரும் அடியார்களை இக்கரை சேர்த்தது பாதைதான். பாதை என்று நாங்கள் இங்கே சொல்வது, மனிதரையும் வண்டியையும் ஏற்றிச் செல்லும் மிதவையை. இரவில் அக்கரைக்கு வந்து சேர்ந்தவர்கள், வாயருகே கைகளைக் குவித்துக்கொண்டு பாதைக்காரரைக் கூவி அழைப்பார்கள். காற்று சாதகமாக இருந்தால் குரல் எட்டும். எதிர்த்து வீசினால் எட்டாது. எட்டாத இரவுகளில் விடியும் வரை மணலிலே படுத்திருக்க வேண்டியதுதான்.

தன் குரல் அக்கரைக்கு எட்டவேண்டும் என்னும் இந்த ஆசை மனித குலத்தின் மிகப் பழைய ஆசைகளுள் ஒன்று. அந்த ஆசையை ஊதியத்துக்காக அன்றி, விருப்பத்தின் பேரில் நிறைவேற்றிக்கொண்ட ஒரு கூட்டத்தாரைப் பற்றியும், அவர்களுடைய கலையை மக்கள் எவ்வாறு கற்றார்கள், இன்று எவ்வாறு கற்கலாம் என்பதைப் பற்றியுமே இன்று பேச எண்ணுகிறேன். அமெச்சூர் வானொலி என்பது அக்கலையின் பெயர். அதில் ஈடுபடுவோரை ‘ஹாம்’ என்று உலகம் செல்லமாக அழைக்கிறது.

அமெச்சூர் என்ற சொல் அன்பு செய்தல் என்னும் பொருள் தரும் இலத்தீன் மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது. ஆகவே அமெச்சூர் என்பவர் அரைகுறையாகக் கற்றவர் அல்லர், அன்பினால் கற்றவர். அவர் அரசாங்கத்தின் பரீட்சையில் தேறி, அனுமதிப்பத்திரம் பெற்று, தமக்கென ஓர் அழைப்புக் குறியுடன் வானலையில் பேசுகிறார். இலங்கை அமெச்சூர்களின் குறி ‘4எஸ்’ என்று தொடங்கும். அவர் தமது நிலையத்தின் மூலம் வாணிகம் செய்யலாகாது, பாட்டு ஒலிபரப்பலாகாது. மற்றோர் அமெச்சூருடன் பேசலாம். ஆபத்து வேளையில் பிறருக்கு உதவலாம்.

இக்கலையின் தொடக்கம் சுவையானது. 1895ஆம் ஆண்டில் மார்க்கோனி இத்தாலியில் தம் வீட்டுத் தோட்டத்தில் கம்பியில்லாத் தந்தியைச் சோதித்தார். 1901ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் திகதி அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்துவந்த சைகையைத் தாம் கேட்டதாக அறிவித்தார். அதன் பின்னர் உலகெங்கும் இளைஞர் பலர் தத்தம் வீட்டு அறைகளிலே செப்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றித் தாமும் சைகை அனுப்பத் தலைப்பட்டனர். கடற்படையினருக்கும் வணிகருக்கும் இவர்கள் தொல்லையாகத் தோன்றினர். எனவே 1912ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டம், 200 மீற்றரும் அதற்குக் குறைந்தனவுமாகிய அலைநீளங்களை மட்டுமே அமெச்சூர்களுக்கு விட்டது. அவை ஒன்றுக்கும் உதவாத சிற்றலைகள் என்பது அக்காலத்து நிபுணர்களின் கருத்து. விளையாத மேட்டுக்காணியைப் பங்கிலே தள்ளிவிடும் தமையனாரின் வேலையை ஒத்தது இது!

ஆயின் நடந்தது யாது? 1923ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பிரான்சு நாட்டு நீஸ் நகரிலிருந்த லெயோன் டெலோய் என்னும் அமெச்சூர், ஏறக்குறைய 110 மீற்றர் அலையில், அமெரிக்காவிலிருந்த பிரெட் ஷ்னெல், ஜோன் றைனாற்ஸ் என்னும் இருவருடனும் இருவழியாக உரையாடினார். சிற்றலையானது வானத்தின் உயரத்திலுள்ள மின்னேற்றப் படையில் பட்டுத் திரும்பிக் கடல் கடந்து இறங்குகிறது என்னும் உண்மையைச் செயலில் காட்டியவர்கள் அமெச்சூர்களே. விளையாது என்று ஒதுக்கிய காணியே பொன் விளையும் பூமியாயிற்று.

அதே 1923ஆம் ஆண்டில் நமது நாட்டிலும் ஒரு புதுமை நிகழ்ந்தது. தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராகிய எட்வர்ட் ஹாப்பர் என்பவர், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிக் கருவியின் உறுப்புகளைக்கொண்டு அனுப்பும் கருவி ஒன்றை அமைத்தார். கொழும்பு மத்திய தந்தி நிலையத்தின் சிறியதோர் அறையிலிருந்து இசைத்தட்டுகளை ஒலிபரப்பிப் பார்த்தார். ஆர்வலர்கள் கூடும் வானொலிச் சங்கம் ஒன்றையும் அவர் அமைத்தார். 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறையாகத் தொடக்கி வைக்கப்பட்டது. இதற்கிடையே 1924ஆம் ஆண்டில் சென்னையிலும் கிருஷ்ணசாமிச் செட்டியார் என்பவரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிச் சங்கம் தோன்றி ஒலிபரப்பு நடத்தியது. பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் வானொலியைக் கொணர்ந்தவர்கள் ஆர்வலர்களே என்பதை நாம் மறத்தலாகாது.

ஆனால் ஒலிபரப்பு வளர வளர, மக்கள் கேட்பவர் ஆயினர். பேசுவோர் சிலர், கேட்போர் பலர் என்னும் நிலை உறுதியாயிற்று. இந்த மாற்றத்தை எங்கள் மாவட்டம் கண்டது போல வேறெந்த மாவட்டமும் கண்டதில்லை எனலாம். திருகோணமலைத் துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படை தளம் அமைத்திருந்தது. அங்கே இரவும் பகலும் மோர்சுக் குறிகள் ஒலித்தன. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆம் திகதி, தென்னிலங்கைக் கொக்கலை ஏரியிலிருந்து பறந்த கடல் விமானம் ஒன்று யப்பானியக் கப்பற்படையைக் கண்டது. கனடிய விமானியாகிய லெனாட் பேர்ச்சலும் அவருடைய குழுவினரும், தாம் சுட்டு வீழ்த்தப்படுமுன் அந்தச் செய்தியைக் கம்பியில்லாத் தந்தியில் அனுப்பினர். மறுநாள் கொழும்பும், 9ஆம் திகதி திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. எதிரி வருகிறான் என்னும் முன்னறிவிப்பை இலங்கைக்கு ஈந்தது சில புள்ளிகளும் கோடுகளுமே. அந்தப் புள்ளியையும் கோட்டையும் படிக்கத் தெரிந்தவர்கள் முள்வேலிக்கு உட்புறத்தில் இருந்தனர். வேலிக்கு வெளியே இருந்த நமது முன்னோர், உயர்ந்த கம்பங்களை அண்ணாந்து பார்த்துச் சென்றனர்.

நான் சிறுவனாக இருந்தபோது நிகழ்ந்ததொன்றை இங்கே சொல்லவேண்டும். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. மறுநாட் காலையில், அயலவர் ஒருவரின் சிறிய வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து நாங்கள் எல்லோரும் குந்தியிருந்தோம். எந்த ஊர் அழிந்தது, எந்தத் தெரு மறிந்தது என்பதைப் பெட்டி சொல்லிற்று. எங்கள் கூரைகள் பறந்ததையும் சொல்லுமோ என்று காத்திருந்தோம், சொல்லவில்லை. “நாங்கள் சொல்லாமல் அதுக்கு எப்படியடா தெரியும்?” என்றார் என் தந்தையார். அந்தக் கேள்வியை நான் இன்று வரை மறக்கவில்லை. கேட்கும் காது எங்களிடம் இருந்தது. பேசும் கை இருக்கவில்லை.

26 ஆண்டுகள் சென்றன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், டில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணியின் தலைமையில் இந்திய அமெச்சூர்கள் சிலர் அந்தமான் தீவுகளிலிருந்து உலகத்தாருடன் பேசிக்கொண்டிருந்தனர். 26ஆம் திகதி ஆழிப்பேரலை எழுந்தது. தொலைபேசிகள் ஓய்ந்தன. விளையாட்டாகத் தொடங்கிய அவர்களுடைய நிலையம் அக்கணமே உயிர்நாடி ஆயிற்று. தீவிலிருந்தோரின் நலச் செய்திகளைத் தாய்நாட்டுக்கு அது கொண்டு சென்றது. நமது நாட்டில், அமெச்சூர் சங்கத்தின் தலைவராக விளங்கிய விக்டர் குணதிலக்கவும் தோழர்களும் சிற்றலைக் கருவிகளின் துணையால், அழிந்த அம்பாந்தோட்டை நகருக்கும் கொழும்பிலிருந்த பிரதம மந்திரியின் அலுவலகத்துக்கும் இடையே தொடர்பை ஏற்படுத்தினர். எங்கள் கரையையும் அந்த அலை தின்றது. ஆனால் அக்கலை கற்ற ஒருவரை எங்கள் ஊரில் நான் அன்று காணவில்லை.

ஏன் காணவில்லை? அறிவுக் குறைவினால் அன்று, கற்பிப்பார் இன்மையால். இக்கலை நெடுங்காலம் குருகுல முறையிலேயே கற்கப்பட்டு வந்தது. முதலில் ஒரு மூத்த அமெச்சூரை அறிந்திருத்தல் வேண்டும். அவருடைய வீட்டில் அமர்ந்து மோர்சுக் குறிகளைக் காதினால் பழகவேண்டும். 1926ஆம் ஆண்டு முதல் வெளிவரும் அமெரிக்க அமெச்சூர் கைநூல் போன்ற ஆங்கில நூல்களைப் படித்தல் வேண்டும். வகுப்புக்கும் பரீட்சைக்கும் தலைநகரை நாடவேண்டும். ஆறுகள் பலவற்றைப் பாதையிற் கடந்து திருகோணமலைக்கே ஒரு நாட் பயணம் செய்த எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு இது எட்டாக்கனி. பின்னர் வந்த போர்க்காலத்திலோ, கம்பியையும் பற்றரியையும் வைத்திருப்பதே அச்சம் தரும் செயலாயிற்று.

இந்தத் தொலைவை முதலில் குறைக்க முயன்றதும் வானலையே என்பது வியப்புக்குரியது. அமெரிக்க அமெச்சூர் சங்கத்தின் நியூவிங்டன் நிலையம் மோர்சுப் பாடங்களை நேரம் குறித்து வானலையிலேயே அனுப்பி வந்திருக்கிறது. அதன் அடுத்த படியே இணைய வகுப்பு. 2003ஆம் ஆண்டின் உலக வானொலி மாநாடு, சிற்றலையில் பேச மோர்சு கட்டாயமா என்பதை அந்தந்த நாடுகளின் முடிவுக்கு விட்டது. கட்டாயம் தளர்ந்தபின் ஆர்வமும் அற்றுப்போகும் என்று பலர் அஞ்சினர். 2008ஆம் ஆண்டில் ஜேர்மனியைச் சேர்ந்த அமெச்சூராகிய பாபியன் கூர்ற்ஸ் இணையத்தில் மோர்சு கற்பிக்கும் இலவசப் பள்ளி ஒன்றைத் திறந்தார். அவர் கைக்கொண்டது 1930களில் லூத்விக் கொக் என்னும் உளவியலாளர் வகுத்த முறை. முதல் நாளிலேயே இரண்டே எழுத்துகள், முழு வேகத்தில். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகக் கேட்டபின் மூன்றாவது எழுத்து. குறியை எண்ணாதே, அதன் இசையைக் கேள் என்பதே அம்முறையின் உயிர். அதே ஆண்டளவில் நெதர்லாந்தின் துவென்றே பல்கலைக்கழகத்தில், உலகின் எந்த மூலையிலிருந்தும் இணையத்தின் வழியாகத் திருப்பிக் கேட்கத்தக்க வானொலி வாங்கி ஒன்று நிறுவப்பட்டது. சொந்தக் கருவி இல்லாதவரும் இன்று சிற்றலையின் ஆரவாரத்தைக் கேட்டுப் பழகலாம். 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் பிரித்தானிய அமெச்சூர் சங்கம், முதற்படிப் பரீட்சையையே வீட்டிலிருந்து இணைய மேற்பார்வையில் எழுத வழிசெய்தது.

எங்கள் பாடசாலை மாணவி ஒருத்தி, தாயாரின் கைத்தொலைபேசியில் இவ்வாறு மோர்சு பயில்கிறாள். வீட்டில் சமிக்ஞை நில்லாமையால் வீதியோரத்து வேப்பமரத்தின் கீழ் அமர்ந்து பயில்கிறாள். “டா டிட் டா, டா டா” என்று அவள் முணுமுணுப்பதைக் கேட்ட தாயார், பிள்ளைக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று அஞ்சி என்னிடம் ஓடிவந்தார். நான் கலைப் பட்டதாரி. மின்சாரம் எனக்கும் புதிது. அந்தப் பிள்ளையோடு சேர்ந்து நானும் ஓமின் விதியைப் படிக்கிறேன். மீடிறனும் அலைநீளமும் ஒன்றுக்கொன்று எதிர்விகிதம் என்பதை ஐம்பது வயதுக்கு மேல் விளங்கிக்கொள்கிறேன்.

இத்தகைய வகுப்புகளில் கற்பிக்கப்படுவன சட்டம், மின்னியல், அலை பரவும் முறை, ஏரியல் அமைத்தல், உயிர்ப் பாதுகாப்பு, பேச்சு ஒழுங்கு என்பனவாம். இவற்றுள் பெரும்பகுதியை ஒரு பிள்ளை மரத்தடியிலிருந்தே கற்கலாம். ஆயினும் திரை கற்பிக்க இயலாதவையும் உள. ஈயம் பற்றவைத்தலைக் கைதான் கற்கவேண்டும். 7 மெகாஹேற்ஸ் அலைக்கு, பக்கத்துக்குப் 10 மீற்றராக ஏறக்குறைய 20 மீற்றர் கம்பியை இரு தென்னைகளுக்கு இடையே கட்டி, நடுவிலிருந்து இணைப்பை இறக்கினால், பன்னிரண்டு வோல்ற்று பற்றரியில் இயங்கும் கருவியைக்கொண்டு பகற்பொழுதில் கொழும்புடன் பேசலாம் என்று பாடம் சொல்லும். கம்பியைக் கட்டிப் பார்ப்பவருக்கே அது அறிவாகும். மேலும், கற்றவர் எல்லோரும் உடனே பேசிவிடலாகாது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் கிடைக்கும் வரை கேட்டலே அவர் கடமை. வள்ளுவர் கேள்விக்கென்று ஓர் அதிகாரம் வகுத்தமை இங்கே நினைவுக்கு வருகிறது.

மற்றொரு குறையும் உண்டு. இவ்விணையப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலே உள்ளன. ஓமின் விதியைத் தமிழிற் கற்று விஞ்ஞானப் பாடத்தில் சித்தியெய்தும் பிள்ளை, அதே விதியை ஆங்கிலத்தில் கண்டு மருள்வதேன்? இது பிள்ளையின் குற்றம் அன்று. பாடங்களைத் தமிழில் ஆக்கித் தருதல் ஆசிரியராகிய எமது கடன். பாடசாலைகளின் விஞ்ஞான மன்றங்கள் இதனை மேற்கொள்ளலாம். அனுமதி பெற்ற அமெச்சூர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கிராமங்களுக்கு வந்து, திரை கற்பிக்காததைக் கையினால் கற்பிக்கலாம்.

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் ‘டித்வா’ சூறாவளி வந்தது. மகாவலி கரை கடந்தது. நாட்டின் பல பகுதிகளில் கைத்தொலைபேசிகள் ஊமையாயின. இணையத்தில் கற்கும் பிள்ளை, இணையம் அறுந்த நாளுக்காகவே கற்கிறாள் என்பது அப்பொழுதுதான் எனக்கு முழுமையாக விளங்கிற்று. கற்பதற்குரிய காலம் வெள்ளம் வடிந்த காலமே; வெள்ளம் வந்தபின் எழுத்துக் கற்க நேரமிராது.

நேயர்களே, பாதைக்காரரைக் கூவி அழைத்த காலம் போய்விட்டது. ஆற்றுக்குப் பாலம் வந்துவிட்டது. ஆயினும் “நாங்கள் சொல்லாமல் அதுக்கு எப்படித் தெரியும்?” என்று என் தந்தையார் கேட்ட கேள்விக்கு எங்கள் ஊர் இன்னும் விடை சொல்லவில்லை. வேப்பமரத்தின் கீழ் இருக்கும் அந்தப் பிள்ளை இதுவரை பதினொரு எழுத்துகள் கற்றிருக்கிறாள். நான் ஏழு.