சித்தப்பாவின் இரண்டு விரல்களும் ஏப்ரல் மாசத்துப் பெட்ரோலும்

இன்னைக்கு எபிசோட் பனியைப் பத்தி. சென்னைல ஏசியை 24-ல வச்சுக்கிட்டு இவன் பனியைப் பத்தி என்ன பேசப் போறான்னு நீங்க நினைக்கலாம். எனக்குக் காரணம் இருக்கு. டொராண்டோ பக்கத்துல இருக்கிற என் சித்தப்பாவுக்கு வலது கையில நடுவிரலும் மோதிர விரலும் பாதிதான் இருக்கு. ஸ்னோ ப்ளோயர்ல போனது. வீட்டு வாசல்ல குவியுற பனியை அள்ளித் தூர எறியுற மெஷின்.

போன வருஷம் அவர் ஊருக்கு வந்தப்போ கேட்டேன். "மெஷின் ஓடும்போதா சித்தப்பா கையை விட்டீங்க?"

"இல்லடா. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டுத்தான் விட்டேன்."

இந்தப் பதில் என்னை விடவே இல்லை. ஆஃப் பண்ண மெஷின் எப்படி விரலை எடுக்கும்? நாம ஆபீஸ்ல ப்ரொடக்‌ஷன் விழுந்தா உட்கார்ந்து காரணம் தேடுவோம் இல்லையா, அதே மாதிரி பின்னாடி போய்ப் பார்த்தேன். போகப் போக 1869 வரைக்கும் போயிடுச்சு.

பனியைத் தள்ளுறது பழைய யோசனை. ரயிலுக்கு முன்னாடி ஆப்பு மாதிரி கலப்பையை மாட்டித் தள்ளுவாங்க. ஆழமான பனியில அது சிக்கிக்கும். 1869-ல டொராண்டோவைச் சேர்ந்த ஜே.டபிள்யூ. எலியட்ங்கிற பல் டாக்டர் வேற மாதிரி யோசிச்சார். தள்ள வேண்டாம், சுத்துற சக்கரத்தால வெட்டி எறிவோம். ஆனா அவர் டிசைன் காகிதத்தோட நின்னுடுச்சு. ஒன்டாரியோவோட ஆரஞ்ச்வில் ஊர்க்காரர் ஆரஞ்ச் ஜல் அதை எடுத்து வளர்த்தார். சின்ன மாடல் செஞ்சு, பனிக்குப் பதிலா மணலை வச்சு சோதிச்சுப் பார்த்தார். 1883-84 குளிர்காலத்துல டொராண்டோ லெஸ்லி சகோதரர்கள் முழு சைஸ்ல கட்டிக் கொடுத்தாங்க, வேலை செஞ்சது.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. அந்த ரயில் மெஷின்ல இருந்த நீராவி இன்ஜின் எறியுற சக்கரத்தை மட்டும்தான் சுத்தும். முன்னாடி தள்ளிட்டுப் போறதுக்குப் பின்னாடி தனியா ஒரு ரயில் இன்ஜின் நிக்கும். தள்ள ஒண்ணு, எறிய ஒண்ணு.

அடுத்து ரோட்டுக்கு வந்தது. கனடாவின் கியூபெக்ல ஆர்தர் சிகார்ங்கிறவர், பால் பண்ணைக் குடும்பத்துப் பிள்ளை. பனி விழுந்து ரோடு மூடினா பால் ஊருக்குப் போகாது, அவ்வளவுதான் அன்னைக்கு வருமானம். வயல்ல கதிரடிக்கிற மெஷினைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்ததுன்னு சொல்வாங்க. 1925-ல லாரி மேல பொருத்தின ஸ்னோ ப்ளோயரைக் கட்டினார். 1927-ல மான்ட்ரியல் பக்கத்து ஊட்ரமோன்ட் ஊர் அதை வாங்கினது. பனியை 90 அடி வரைக்கும் எறியும். இதுலயும் லாரி ஓட ஒரு மோட்டார், பனி எறிய தனி மோட்டார்.

அப்புறம் வீட்டுக்கு வந்தது. 1953-ல பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் அலுமினியத்துல எடை குறைஞ்ச சின்ன இன்ஜினைக் கொண்டுவந்தது. புல் வெட்டுற மெஷின் விலை குறைஞ்சு வீட்டுக்கு வீடு போச்சு. ஸ்னோ ப்ளோயரும் அதே வழியில வந்தது. டோரோ 1950-களின் தொடக்கத்துல, விஸ்கான்சின்ல ஏரியன்ஸ் 1960-ல. இங்கதான் டிசைன் மாறுது. சக்கரத்தை நகர்த்துறது, பனியை அள்ளுறது, எறியுறது, எல்லாத்துக்கும் ஒரே ஒரு சின்ன இன்ஜின். அது சோர்ந்தா மொத்தமும் சோரும்.

சரி, சித்தப்பா கதைக்கு வருவோம். அவர்கிட்ட இருந்தது ரெண்டு கட்ட மெஷின். முன்னாடி திருகு மாதிரி மெதுவா சுத்துற தகடு பனியை உள்ளே இழுக்கும். அதுக்குப் பின்னாடி வேகமா சுத்துற விசிறி, அதுதான் இம்பெல்லர், குழாய் வழியா வெளியே எறியும். ஏப்ரல்ல பனி முடிஞ்சதும் டேங்க்ல பாதிப் பெட்ரோலோட கராஜ்ல நிறுத்திட்டார். டிசம்பர்ல எடுத்தார்.

லாக்டவுன் முடிஞ்சு உங்க பழைய ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணப் பார்த்தது ஞாபகம் இருக்கா? அதே கதைதான். நாள் கணக்கா நிக்கிற பெட்ரோல்ல லேசான பகுதி ஆவியாகிடும், மிச்சம் பிசின் மாதிரி ஆகும். எத்தனால் கலந்த பெட்ரோல்னா ஈரத்தையும் இழுக்கும். கார்ப்ரேட்டர் ஜெட் தலைமுடி அளவு ஓட்டை, அது அடைச்சுக்கும். மெஷின் ஸ்டார்ட் ஆச்சு, ஆனா இழுக்கல. ஏறுது, இறங்குது, முழு வேகம் வரல. அவர் ஓட்டிட்டார்.

இங்க கொஞ்சம் பிளஸ் டூ பிசிக்ஸ். காத்தோட தடையை விட்டுட்டுப் பார்த்தா, எறியுற தூரம் வேகத்தோட வர்க்கத்தைப் பொறுத்தது. இம்பெல்லர் வேகம் பாதியானா தூரம் கால்வாசி. 10 மீட்டர் போக வேண்டியது 2.5 மீட்டர். ஈரப் பனின்னா அதுவும் போகாது, குழாய்க்குள்ளேயே ஒட்டி அடைச்சுக்கும். அவர் இன்ஜினை ஆஃப் பண்ணார். குனிஞ்சார். கையை விட்டார்.

அடைச்ச நிலையில பெல்ட்டும் தண்டும் முறுக்கிக்கிட்டு இழுவிசையோட நிக்கும். பனிதான் அதைப் பிடிச்சு வச்சிருக்கு. அந்தப் பனியை எடுத்த கணத்துல இம்பெல்லர் ஒரு சின்னத் திருப்பு திரும்பும். அது போதும். அமெரிக்காவுல வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான பேர் இந்த மெஷினால காயம்பட்டு எமர்ஜென்சிக்குப் போறாங்க. இன்ஜின் நின்ன பிறகு கையை விட்டவங்களும் அதுல இருக்காங்க.

நான் கண்டுபிடிச்ச வரைக்கும், அவர் விரல் போன காரணம் டிசம்பர்ல நடந்த அவசரம் மட்டும் இல்லை. ஏப்ரல்ல பாதி டேங்கோட நிறுத்தினதும்தான்.

அங்க இருக்கிற அண்ணன் தம்பி யாராவது கேட்டா இதைச் சொல்லுங்க. 20 சென்டிமீட்டருக்குக் கீழ பனி, வழவழப்பான தரைன்னா ஒரு கட்ட மெஷின் போதும். ஜல்லித் தரை, ரோடு கலப்பை வாசல்ல தள்ளிட்டுப் போற கனமான குவியல்னா ரெண்டு கட்டம். சின்ன இடம்னா பேட்டரி மெஷின், பெட்ரோல் தொல்லையே இல்லை. ஆனா அதுவும் சுத்துற மெஷின்தான். சீசன் முடிஞ்சா டேங்கைக் காலி பண்ணி, கார்ப்ரேட்டர்ல மிச்சம் இருக்கிறது தீரும் வரை ஓட்டி நிறுத்துங்க. ஆயில் மாத்துங்க. கல் சிக்கினா முதல்ல உடையணும்னே ஒரு மெல்லிய ஷியர் போல்ட் வச்சிருப்பாங்க. அது உடைஞ்சா கையில கிடைச்ச கெட்டி போல்ட்டைப் போடாதீங்க, அடுத்து கியர்பாக்ஸ் உடையும். அடைச்சா ஆஃப் பண்ணி, ஸ்பார்க் ப்ளக் ஒயரைக் கழட்டி, எல்லாம் நின்னதைப் பார்த்துட்டுக் குச்சியால எடுங்க. கை வேண்டவே வேண்டாம்.

சித்தப்பா இப்போ ஏப்ரல் முதல் வாரம் டேங்கைக் காலி பண்றார். மெஷின் கைப்பிடியில ஒரு கட்டைக் குச்சியைக் கயித்துல கட்டித் தொங்க விட்டிருக்கார். "இது கடையில வாங்கின மெஷினை விட முக்கியம்டா"ன்னு சொன்னார், சிரிச்சுக்கிட்டேதான்.

உங்க வீட்டுல மாசக்கணக்கா சும்மா நிக்கிற வண்டியோ ஜெனரேட்டரோ இருந்தா, இந்த வாரம் ஒரு தடவை போய்ப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.