ஐம்பத்தாறு கண்

என் தங்கைக்கு எட்டாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. எடை 1 கிலோ 600 கிராம். குறைமாதக் குழந்தைக்குத் தலை வழியாகத்தான் சூடு அதிகம் போகும், எந்நேரமும் குல்லாய் இருக்கணும் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். விக்கிரவாண்டி கடைத்தெருவிலும் விழுப்புரத்திலும் தேடினேன். கிடைத்த மிகச் சின்னக் குல்லாய்கூட அவள் மூக்கு வரை இறங்கியது. ஆரஞ்சுப் பழத்தை விடக் கொஞ்சம் பெரிய தலை, அவ்வளவுதான்.

அன்று ராத்திரி அத்தை பரண் மேலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கச் சொன்னார். உள்ளே இரண்டு ஜோடி அலுமினிய ஊசிகள், ஒரு குரோஷா ஊசி, பழுப்பேறிய வெள்ளைப் பருத்தி நூல் உருண்டை. விடிகாலை நான் எழுந்தபோது குல்லாய் தயாராக இருந்தது.

அத்தை அரசுப் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தையல் லோயர், ஹையர், டிடிசி எல்லாம் முடித்தவர். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் "தையல் டீச்சர்" என்று சொல்லும்போது என் குரலில் ஒரு சின்ன இறக்கம் இருந்ததை அன்றுதான் கவனித்தேன். கணக்கு டீச்சர், சயின்ஸ் டீச்சர் என்று சொல்லும்போது அது வராது.

"மாத்துக்கு இன்னொன்னு வேணுமே, எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றேன். வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிற காலம். மதியம் ஒரு மணி நேரம் கிடைத்தது.

முதல் பாடம் ஊசியில் கண் ஏற்றுவது. ஒவ்வொரு வளையத்தையும் அத்தை "கண்" என்கிறார். மீன் வலைக்கும் கண்தான், எண்பதுகளில் வீட்டுக்கு வீடு பின்னிய வயர் கூடைக்கும் கண்தான். 56 கண் ஏற்றினேன். பத்து வரிசை போட்டுவிட்டு எண்ணினால் 61. ஓரத்தில் நூலை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல், நானே ஐந்து கண்ணைப் பெற்றெடுத்திருக்கிறேன். அதோடு பயத்தில் நூலை இறுக்கி இறுக்கிப் பிடித்ததில் ஊசி உள்ளேயே நுழையவில்லை.

"டேய், அது மாடாடா, இப்படிப் புடிச்சு இழுக்கிற? தளர விடு. தன்னால வரும்."

வலைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வலையில் ஒவ்வொரு கண்ணும் முடிச்சு. இதில் முடிச்சே கிடையாது. ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம், அதற்குள் இன்னொன்று. அதனால்தான் துணி இழுத்தால் விரிந்து, விட்டால் சுருங்குகிறது. நெய்த துணி இப்படித் தலையைக் கவ்விப் பிடிக்காது. அதே காரணத்தால், ஒரு கண் நழுவினால் கீழ் வரை ஏணி மாதிரி பிரிந்துகொண்டே போகும்.

கம்பளி பின்னுவது குளிர்நாட்டு வேலை, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். தேடிப் படித்ததும் அது தப்பு என்று தெரிந்தது. எகிப்தில் ரோமானியர் காலத்துக் காலுறைகள் கிடைத்திருக்கின்றன; செருப்பு வாருக்காகக் கட்டைவிரல் தனியாகப் பிரித்தவை. பார்க்க நிட்டிங் போலவே இருக்கும், ஆனால் ஒற்றை ஊசியால் செய்த வேறொரு முறை. இரண்டு ஊசியால் உண்மையிலேயே பின்னப்பட்டு இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய துணிகளும் எகிப்தில் கிடைத்தவைதான். சுமார் 11 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரையிலானவை. வெள்ளையும் அவுரி நீலமும் கலந்தவை. அவற்றில் பல பருத்தி. அத்தையின் டப்பாவில் இருந்த அதே சரக்கு!

ஐரோப்பாவுக்குப் போன பிறகு இந்த வேலை பெரிய தொழிலாகிறது. 1589-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரைச் சேர்ந்த வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் எந்திரத்தைச் செய்தார். ஒரு வரிசைக் கண்கள் முழுவதையும் ஒரே வீச்சில் போடும் எந்திரம். எலிசபெத் ராணி அதற்குக் காப்புரிமை தரவில்லை. லீ பிரான்சுக்குப் போய் அங்கேயே இறந்தார். எந்திரம் மட்டும் சாகவில்லை. இன்று திருப்பூரில் சுற்றும் வட்டப் பின்னல் எந்திரம் அதற்குக் கொள்ளுப்பேரன் முறை.

1811-இல் நாட்டிங்காம் பக்கம் தொழிலாளர்கள் ராத்திரியில் சுத்தியலோடு புகுந்து உடைத்தது இந்தக் காலுறை எந்திரங்களைத்தான். லுடைட்டுகள் என்ற பெயரை ஐடி கம்பெனிகளில் இன்றும் திட்டுவதற்குப் பயன்படுத்துகிறோம். அவர்கள் எந்திரத்தையே வெறுத்தவர்கள் இல்லை. பலர் அந்த எந்திரத்திலேயே வேலை பார்த்தவர்கள். கூலியைக் குறைத்து, மட்டச் சரக்கைத் தள்ளிவிட்ட முதலாளிகளோடுதான் அவர்கள் சண்டை. எந்திரத்தை உடைத்தால் தூக்கு என்று 1812-இல் சட்டம் வந்தது.

அதே ஊர்ப்பக்கத்தில் ஜான் ஹீத்கோட் என்பவர் 1809-இல் ரேந்தை வலைக்கு ஓர் எந்திரம் செய்து காப்புரிமை வாங்கினார். ரேந்தை என்றால் லேஸ். போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொல். தெற்கிலும் இலங்கையிலும் புழங்குகிறது. திண்டு மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்யும் வேலை. இங்கிலாந்தில் ஏழைச் சிறுமிகளுக்கு இதற்கென்றே பள்ளிகள் இருந்தன. 1816-இல் ஹீத்கோட்டின் லஃப்பரோ தொழிற்சாலையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட எந்திரங்கள் உடைக்கப்பட்டன. அவர் டெவன் பக்கம் இடம் மாறிப் பெரிய ஆலை வைத்தார். கைரேந்தையின் மதிப்பு சரிந்தது. 1840-இல் விக்டோரியா ராணி தன் கல்யாண உடைக்கு டெவன் கைரேந்தையைக் கேட்டு வாங்கியதே, நொடித்துப்போன அந்தப் பெண்களுக்கு வேலை கொடுக்கத்தான்.

இந்த இடத்தில்தான் நம் கதை தொடங்குகிறது. லஃப்பரோ தாக்குதலுக்கு மூன்று வருஷம் கழித்து, 1819-இல், லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். இன்று டதி பள்ளியாக இருக்கும் பெண்கள் பள்ளி ஆரம்பமான வருஷமும் அதுதான். 1820-களின் தொடக்கத்தில் மார்த்தா அங்கே சிறுமிகளுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். தன் நாட்டில் எந்திரம் தின்றுகொண்டிருந்த ஒரு கைவேலை, கூலி மலிவான இன்னொரு நாட்டில் உயிர்பிழைத்தது என்று நான் இதைப் படிக்கிறேன். எங்கள் தொழிலிலும் வேலைகள் இப்படித்தானே கப்பலேறி வந்தன?

ஆனால் கதை அதோடு முடிந்துவிடவில்லை. திருவிதாங்கூரில் அப்போது அடிமைமுறை இருந்தது. 1855-இல்தான் அரசாணை அதை முழுதாக ஒழித்தது. அதற்கு முன்பே, ரேந்தை விற்ற காசைச் சேர்த்து, அடிமைகளாக இருந்த சில பெண்கள் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. நான் இந்த வரியை இரண்டு முறை படித்தேன். நூல் சுற்றிய கட்டையை ஆயிரக்கணக்கான தடவை மாற்றிப் போட்டு, தன்னைத்தானே வாங்கிய பெண்!

இன்னொன்றும் உண்டு. ஐரோப்பியப் பெண்களின் கழுத்துப் பட்டைக்கும் கைமடிப்புக்கும் அந்தச் சிறுமிகள் ரேந்தை பின்னினார்கள். அதே காலத்தில் அவர்களுடைய தாய்மார் மார்பை எந்தத் துணியால், எப்படி மூடலாம் என்பது தெருச்சண்டையாக இருந்தது. 1820-களில் தொடங்கிய தோள்சீலைக் கலவரம் 1859 வரை இழுத்தது. குட்டைக் கைவைத்த தளர்வான குப்பாயத்தை அந்தப் பெண்களுக்கென வெட்டித் தைத்துக் கொடுத்ததில் மிஷனரி மனைவிமாருக்குப் பங்கு உண்டு. 1859 ஜூலையில் வந்த அரசாணைகூட மேலாடைக்கு அனுமதி கொடுத்துவிட்டு, உயர்சாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக்கூடாது என்று கோடு கிழித்தது. தையல் வகுப்பு என்பது அந்த ஊரில் சாதாரண விஷயமாக இருந்திருக்க முடியாது.

மார்த்தாவின் மகள் எலிசா நாகர்கோவிலில் பிறந்து தமிழ் பேசி வளர்ந்தவர். 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைக் கணவர் எழுதிய அந்தத் தேரிக்காட்டு ஊரில், எலிசா பெண்களுக்கு எழுத்தும் ரேந்தையும் சொல்லிக்கொடுத்தார். 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் நாகர்கோவில் ரேந்தை காட்சிக்கு வைக்கப்பட்டது. பின்னிய கைகளின் பெயர் ஏதும் கூடப் போகவில்லை.

எல்லாம் விடுதலைக் கதையா? இல்லை. கோதாவரிக் கரையில் நரசாபுரத்திலும் மிஷனரிகள்தான் குரோஷா கற்றுக்கொடுத்தார்கள். அது பெரிய ஏற்றுமதித் தொழிலானது. 1982-இல் வெளிவந்த மரியா மீஸின் ஆய்வு அங்கே நடந்ததைக் காட்டியது. நாள் முழுக்கப் பின்னும் பெண்களுக்கு மிகச் சொற்பக் கூலி. லாபம் வியாபாரம் செய்த ஆண்களுக்கு. காரணம், அவர்கள் தொழிலாளிகளாக எண்ணப்படவே இல்லை. வீட்டில் சும்மா இருக்கும்போது பொழுதுபோக்காகப் பின்னுகிறவர்கள், அவ்வளவுதான். நாகர்கோவிலில் விடுதலை வாங்கிய அதே மாதிரி நூல், இங்கே கையைக் கட்டிப்போட்டது. கைவேலை ஒன்றுதான். எண்ணிக்கையில் சேர்த்தார்களா, காசு யார் கைக்குப் போனது என்பதில்தான் வித்தியாசம்.

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டார்.

"மொத மாசச் சம்பளத்தை எங்கப்பா கேட்டாரு. நான் குடுக்கல. தபாலாபீசுல என் பேர்ல புக்கு போட்டேன். மூணு மாசம் பேசல அவரு."

"அப்புறம்?"

"அப்புறம் உங்கப்பன் டிப்ளமாக்குப் பணம் கட்டணும்னப்போ பேசுனாரு."

அப்பாவின் டிப்ளமாவுக்கு அடுத்து வந்தது என் இன்ஜினியரிங். தையல் டீச்சர் என்று நான் குரலை இறக்கிச் சொன்ன அந்த வேலைதான் எங்கள் வீட்டுப் படிப்புக்கு அஸ்திவாரம் என்று இத்தனை வருஷம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என் குல்லாயை முடிக்க மூன்று வாரம் ஆனது. அதற்குள் குழந்தை இரண்டரைக் கிலோவைத் தொட்டுவிட்டாள். போட்டுப் பார்த்தோம், உச்சந்தலையில் கிண்ணம் கவிழ்த்தது போல நின்றது. தங்கை சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அத்தை குல்லாயை வாங்கி, தையலைப் பிரித்து, நூலின் கடைசி நுனியைத் தேடி எடுத்து இழுத்தார். மூன்று வார வேலை ஐந்து நிமிஷத்தில் நெளிநெளியான நூலாக அவர் மடியில் விழுந்தது. உருண்டையாகச் சுற்றி என் கையில் கொடுத்தார்.

"நூல் ஒண்ணும் வீணாகல. இந்தத் தடவ எழுபது கண்ணு ஏத்து. எண்ணிப் போடு."

எண்ணிக்கொண்டிருக்கிறேன்.