நாள் தவறா வெளியீடு: மென்பொருள் உலகின் ஒரு வரலாறு

நாள் குறித்தல் எளிது. குறித்த நாளைக் காத்தல் அரிது. திருமணத்திற்கும் புதுமனை புகுதற்கும் பொருந்தும் இவ்வுண்மை, கணினியை இயக்கும் மென்பொருளுக்கும் பொருந்துவதாகும். மென்பொருளைப் புதுப்பித்து உலகிற்கு அளிப்பதை வெளியீடு என்பர். பல குழுவினர் தனித்தனியே எழுதும் மென்பொருள்களை, ஒன்றோடொன்று இசையுமாறு, குறித்த நாளில் பொறியே வெளியிடும் முறை எவ்வாறு தோன்றிற்று என்பதை ஈண்டு நோக்குவோம்.

முதற் கருவிகள்

இதற்கு அடிகோலிய கருவிகள் இரண்டும் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை. 1976இல் ஸ்டூவர்ட் பெல்ட்மன் என்பார் 'மேக்' என்னும் நிரலை ஆக்கினார். மூலத்தில் எப்பகுதி மாறியதோ, அதைச் சார்ந்தவற்றை மட்டும் மீண்டும் கட்டுவது அதன் பணி. 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 'கிரான்' இடம்பெற்றது. குறித்த நேரத்தில் குறித்த வேலையைத் தானே தொடங்குவது அதன் தொழில். கட்டும் கையும் காலம் பார்க்கும் கண்ணும் இவ்வாறு கிடைத்தன. ஆயினும், என்று வெளியிடுவது என்னும் வினா மனிதரிடமே நின்றது.

நிறைவா, நாளா?

"எல்லாம் முடிந்தபின் வெளியிடுவோம்" என்பது பழைய வழக்கம். இதன் இடர்ப்பாட்டை டெபியன் தொகுப்பின் வரலாறு காட்டும். 2002 ஜூலைக்குப் பின் அதன் அடுத்த நிலைப் பதிப்பு 2005 ஜூனில்தான் வந்தது. புதிய நிறுவுநிரலும் பாதுகாப்பு ஏற்பாடுகளும் ஆயத்தமாகும்வரை, முடிந்த பகுதிகளும் காத்துக் கிடந்தன.

குனோம் குழுவினர் வேறு வழி கண்டனர். 2002இல் தம் இரண்டாம் பெரும்பதிப்பை வெளியிட்டபின், ஆறு மாதத்திற்கொரு வெளியீடு என வரையறுத்தனர். ஆயத்தமாகாத பகுதி அடுத்த முறைக்கு நிற்கும், நாள் நகராது. 2004 அக்டோபரில் தோன்றிய உபுண்டுவும் இம்முறையையே தழுவியது. ஆண்டும் மாதமுமே அதன் பதிப்பெண். 2006 ஏப்ரலில் வரவேண்டியது ஜூனுக்குத் தள்ளிப்போக, 6.06 என்னும் எண்ணே அத்தாமதத்தைப் பறைசாற்றிற்று!

ஒரே நாளில் பல

எக்லிப்ஸ் அமைப்பு 2006இல் 10 திட்டங்களை ஒருசேர வெளியிட்டது. 2007இல் அவை 21, 2011இல் 62. இதனை வெளியீட்டு இரயில் என்றே அழைத்தனர். அடித்தளம் முதலிலும், அதைச் சார்ந்தவை அடுத்தடுத்தும் தத்தம் பங்கைச் செலுத்தின.

2010இல் தோன்றிய ஓபன்ஸ்டாக் இதனை மேலும் வளர்த்தது. அங்கே வெளியீடுகளுக்கென்றே ஒரு பொதுக் களஞ்சியம் உண்டு. எத்திட்டம், எப்பதிப்பெண், மூலத்தின் எந்நிலை என்பதைக் குழுவினர் ஒரு கோப்பில் எழுதி முன்வைப்பர். பொறி அதனைச் சோதிக்கும். வெளியீட்டுக் குழுவினர் படித்து ஒப்புவர். அதன்பின் பதிப்புக்குறி இடுதல், பொதியைக் கட்டி ஏற்றுதல், அறிவித்தல் அனைத்தும் பொறியின் வேலை. முடிவு மனிதனுடையது, உழைப்பு பொறியினுடையது.

நம்பிக்கையின் விலை

இஃது வெறும் வசதிக்கான ஏற்பாடன்று. 2024 மார்ச்சில் 'எக்ஸ்இசட்' என்னும் சுருக்குநிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இரகசியக் கதவொன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதனைத் திறந்துவைக்கும் கட்டளை பொதுமூலத்தில் இல்லை. வெளியீட்டுக்கெனக் கட்டிய பொதியில் மட்டுமே இருந்தது. தொலைவிலிருந்து கணினியில் நுழையும்போது அரை நொடி தாமதம் ஏற்படுவதை ஆண்ட்ரெஸ் பிரொயண்டு என்னும் பொறியாளர் ஆராய்ந்ததால் தீங்கு வெளிப்பட்டது. பொதுமூலத்திலிருந்தே பொறி பொதியைக் கட்டி, அதனை எவரும் மீண்டும் கட்டி ஒப்பிட இயலுமாயின், இத்தகைய வேறுபாடு மறைந்திருத்தல் அரிது.

ஆயினும், பொறி பிழையையும் நாள் தவறாமல் வெளியிடும் என்பதை மறத்தலாகாது. நேரம் காக்கப் பொறியும், நன்மை தீமை காண மனிதனும் வேண்டும். இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.